மேல்சாமைக்கொல்லையின் முப்பதாவது நாள்

காலை பதினோரு மணி ஆனால் மாதையனுக்கு வயிற்றைக் கலக்கும். சாப்பாட்டின் மேல் பழி போட முடியாது. செல்லியம்மாள் ஆக்கிப் போடும் சாமைச் சோறு முப்பது வருஷமாக அந்த வயிற்றை ஒன்றும் செய்ததில்லை. கலக்குவது, அவர் வீட்டு முன்னறையில் நீல உறை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர்.

கை கால் கழுவிக்கொண்டு வந்து உறையை எடுப்பார். பொத்தானை அமுக்குவார். அது எழுந்திருக்கப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மேலே மேலே ஓடி ஓய்ந்த பிறகு, பக்கத்திலிருக்கும் மோடம் பெட்டி தொலைபேசிக் கம்பி வழியே வேலூருக்கு நம்பர் போடும். அப்புறம் கதவிடுக்கில் ஆட்டுக்குட்டி மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு கத்தல். கத்தல் நின்றதும் அமைதி. சரியாக ஒரு நிமிஷம். அதன்பிறகு திரையில், 'உள்நுழைவு தோல்வி' என்று வரும்.

இன்றைக்குப் பத்தொன்பதாவது நாளாக அப்படி வந்தது. இன்னும் பதினோரு நாளில் மேல்சாமைக்கொல்லை என்ற ஊர் இல்லாமல் போய்விடும்.

விளங்கவில்லையா? மாதையனுக்கும் முதலில் விளங்கவில்லை. மலைக் குடியிருப்புகள் இருப்பு உறுதி இயக்ககம் என்று ஓர் அலுவலகம் உண்டு. வேலூரில் மூன்று மாடிக் கட்டடம், வாசலில் குரோட்டன்ஸ் தொட்டி. ஜவ்வாது மலையில் எந்தெந்த ஊர் இருக்கிறது என்று அரசாங்கத்துக்கு உறுதி சொல்வதுதான் அதன் ஒரே வேலை. ஊர் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தால் பெட்ரோல் செலவு என்பதால், ஊரே வந்து சொல்லிவிட வேண்டும் என்று விதி செய்தார்கள். ஒவ்வொரு நாளும் நண்பகலுக்குள் இயக்ககத்தின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, 1 என்று அமுக்கினால் 'இருக்கிறோம்', 2 என்று அமுக்கினால் 'இல்லை'. இல்லாத ஊரிலிருந்து 2 அமுக்குவது யார் என்று இருபது வருஷமாக யாரும் கேட்கவில்லை. தொடர்ந்து முப்பது நாள் ஒன்றுமே அமுக்காவிட்டால், அதுவும் இரண்டுதான்.

மலையில் இப்போது செல்போன் டவர் இருக்கிறது. சாமைக்கொல்லையில் களையெடுக்கும் பெண்கள்கூட வரப்பில் உட்கார்ந்து வீடியோவில் பேசுகிறார்கள். ஆனால் இயக்ககம் செல்போனை ஒப்புக்கொள்ளாது. 'கைபேசி ஓடும், கணினி ஓடாது' என்று அதற்கொரு சுற்றறிக்கையே இருக்கிறது. ஓடாத அந்தக் கணினி இருபது வருஷத்துக்கு முந்தியது. அதற்குள் இருப்பது லினக்ஸ் என்ற இயங்குதளம். யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை வாங்க இயக்ககம் மூன்று முறை டெண்டர் விட்டு, மூன்றாம் முறைதான் தகுதியான ஆளைப் பிடித்தது. மாதையனை ஊரின் இருப்புப் பதிவாளராக நியமித்ததும் தகுதி பார்த்துத்தான். தொலைபேசிக் கம்பங்களில் கடைசிக் கம்பம் அவர் வீட்டு வாசலில் நிற்கிறது.

போனால் போகட்டும், காகிதத்தில் ஊர் இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஓடைக்கு அந்தப் பக்கம் ஆட்டுப்பாறை இருக்கிறதே, அங்கே போய்க் கேட்க வேண்டும். முந்தின வருஷம் எலி கம்பியைக் கடித்து முப்பது நாள் போயிற்று. முப்பத்தோராம் நாள் வேலூர் பஸ் ஆட்டுப்பாறையில் நிற்கவில்லை. பட்டியலில் இல்லாத ஊருக்கு எப்படி டிக்கெட் கொடுப்பது என்று கண்டக்டர் கையை விரித்துவிட்டார். அந்த ஊர்ச் சின்னதம்பி தன் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனார். முதலில் ஊரைக் கொண்டுவா, அப்புறம் பெண்ணைப் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒருவர் செத்தும் போனார். இல்லாத ஊரில் சாவைப் பதிய வழியில்லாததால், காகிதத்தில் அவர் இன்றைக்கும் திடகாத்திரமாக இருக்கிறார். இருபத்தாறு வீட்டில் உலை கொதிக்கிறது, சண்டை நடக்கிறது, கல்யாணம் நடக்கிறது. பதிவேட்டில் அது மூங்கில் புதர்.

"எல்லாம் உன் கையில கீதுய்யா," என்று ஊர்க்காரர்கள் மாதையனிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். தைரியம் சொல்வதாக அவர்களுக்கு நினைப்பு. அவருக்குப் பயம்தான் கூடும்.

இதற்கு மேல் இன்னொரு பயமும் இருந்தது. அதை அவர் செல்லியம்மாளிடம்கூடச் சொல்லவில்லை.

மேல்சாமைக்கொல்லையில் ஒரு கட்டு உண்டு. காட்டில் ஒருவரைக் கூப்பிட்டால், கூப்பிட்டவன் தானாகத் தன் பேரைச் சொல்லக் கூடாது. எதிர்ப்பக்கத்திலிருந்து 'யாரது?' என்று கேட்க வேண்டும். கேட்டால்தான் பேர். கூப்பிட்ட குரலுக்கு அங்கே ஆள் அசையும் சத்தம் வந்து, ஆனால் 'யாரது' என்ற கேள்வி மட்டும் வராவிட்டால், அது மனுஷன் இல்லை. வாயை மூடிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவும் கூடாது. விட்டால் அது வீடு தேடி வரும்.

இத்தனை வருஷமாகக் கத்தல் நின்றதும் வேலூர்க் கம்ப்யூட்டர் திரையில் 'யார் நீங்கள்?' என்று கேட்கும். மாதையனின் கம்ப்யூட்டர் ஊர்ப் பேரைச் சொல்லும், கடவுச்சொல்லைச் சொல்லும், கதவு திறக்கும். முறையான பேச்சு. இந்தப் பத்தொன்பது நாளாக எதிர்ப்பக்கம் போனை எடுக்கிறது. எடுத்ததற்கு அடையாளமாக மோடத்தில் பச்சை விளக்கு நிலையாக எரிகிறது. ஆனால் 'யார் நீங்கள்?' வரவில்லை. அந்த ஒரு நிமிஷ அமைதியில் மாதையன் கண்ணை மூடிக்கொண்டு குலசாமியை நினைத்துக்கொள்வார்.

இருபதாம் நாள் உதவி மையத்துக்குப் போன் போட்டார்.

"வணக்கம், உங்கள் இருப்பு எங்கள் பொறுப்பு," என்றது ஒரு பெண் குரல். "சொல்லுங்க சார், இன்னா பிரச்சினை?"

"லாகின் ஆவலீங்கம்மா."

"எதிர்முனையில போனை எடுக்குதுங்களா?"

எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதைப் பற்றி எப்படிச் சொல்வது? வீட்டில் பெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"இல்லீங்க. எடுக்கல."

"அப்ப லைன்லதான் கோளாறு. வெப்சைட்ல லாகின் பண்ணி ஒரு புகார் போட்டுடுங்க."

"லாகின்தாம்மா ஆவல."

"ஆமா சார், அதையேதான் புகாரா போடச் சொல்றேன். வேற எதுனா உதவி வேணுங்களா?"

அதிலிருந்து மூன்றாம் நாள் இரண்டு பேர் வந்து, நன்றாக இருந்த கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு கம்பி இழுத்துவிட்டுப் போனார்கள். புதுக் கம்பியிலும் ஆட்டுக்குட்டி கத்தியது, பச்சை விளக்கு எரிந்தது, யாரும் கேட்கவில்லை.

இருபத்தைந்தாம் நாள் உதவி இயக்குநர் மோகன் ஜீப்பில் வந்தார். கூட நான்கு பேர், ஒரு டேப், ஒரு கேமரா. ஊரே மாதையன் வாசலில் கூடிவிட்டது. மோகன் கம்ப்யூட்டரை இயக்கவில்லை. மேசைக்கும் சுவருக்கும் இடைவெளியை அளந்தார். இயக்குநரின் படம் கம்ப்யூட்டருக்கு நேர் மேலே, அதை அவர் பார்ப்பது போல மாட்டியிருக்கிறதா என்று பார்த்தார். படம் இரண்டு விரற்கடை இடப்பக்கம் தள்ளியிருந்தது. "பாத்தீங்களா?" என்றார் உடன் வந்தவர்களிடம். அவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

"மாதையன், கடவுச்சொல்லை எப்படி அடிக்கிறீங்க? மரியாதையா அடிக்கிறீங்களா?"

"அதுவே அடிச்சிக்கும் சார். நான் தொடறதில்ல."

"தொடாதீங்க. தொடாத வரைக்கும் நீங்க நல்ல பதிவாளர்."

பிறகு வாசலில் நின்று பேசினார். "பொதுமக்களே, நீங்க பயப்படவே வேணாம். எங்க இயக்ககத்துல இதுவரைக்கும் தோல்வின்னு ஒண்ணு நடந்ததே கிடையாது. தோல்வியப் பதியறதுக்கு எங்ககிட்ட படிவம் இல்ல. ஒரு ஊரு பட்டியல்ல இருந்து போனா எங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும். கஷ்டப்பட்டுக்கிட்டேதான் கையெழுத்துப் போடுவோம். போன வருஷம் நாப்பது பக்கத்துல ஆண்டறிக்கை போட்டோம். அதுல எந்த ஊர்லயும் எந்தக் குறையும் இல்ல. குறை இருந்த ஊரையெல்லாம் எடுத்துட்டோம்."

கூட்டத்தில் ஒருவர் கை தட்டினார். அது ஜீப் டிரைவர்.

செல்லியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஏன் சார், நீங்கதான் வந்துட்டீங்களே. எங்களையெல்லாம் கண்ணால பாத்துட்டீங்களே. ஊரு இருக்குதுன்னு எழுதிக்கினு போனா ஆவாதா?"

மோகன் பரிதாபமாகச் சிரித்தார். "அம்மா, நான் பாத்ததுக்கு என்ன சாட்சி? என் கண்ணு நெட்வொர்க்ல இல்லியே."

"காவலூர் டெலஸ்கோப்புல எம்மாந் தூரத்து நட்சத்திரத்தையோ பாத்து இருக்குதுன்னு சொல்லிடறாங்க. நாலடி தள்ளி நிக்கிற என்னை நீங்க இல்லன்றீங்க."

"நட்சத்திரம் எங்க அதிகார வரம்புல வராது," என்றார் மோகன். அப்புறம் நாட்டுக்கோழிக் குழம்பும் சாமைச் சோறும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது ஒரு மூட்டை புளியும் ஒரு போத்தல் மலைத்தேனும் ஜீப்பில் ஏறின.

"இல்லாத ஊரு சோறு செமிக்குமாங்க?" என்றாள் செல்லியம்மாள்.

"இன்னும் அஞ்சு நாள் இருக்கும்மா. இன்னிக்குத் தாராளமா செமிக்கும்," என்று ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

அதன்பிறகு மாதையனுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து நாளும் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் தைரியம் சொல்ல வருவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது வாசலைக் கடக்கும்போது அவரைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

முப்பதாம் நாள் காலை பத்து மணிக்கு ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கினாள். பேர் காவியா. அமிர்திப் பக்கம் ஊர். இயக்ககத்தில் ஒப்பந்த டெக்னீஷியன். ஒப்பந்தம் போன மாதமே முடிந்துவிட்டது.

"அப்புறம் ஏன்மா வந்த?" என்றாள் செல்லியம்மாள்.

"என் பொறுப்புல இருந்த மெஷினுங்கக்கா. பாக்காம இருக்க முடியல."

கம்ப்யூட்டர் எழுந்து, மோடம் கத்தியது. காவியா தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டாள். "லைன் சுத்தமா கீதே. அண்ணா, அந்தப் பக்கம் எடுக்குதுல்ல?"

மாதையன் நீல உறையை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்களைத்தான் கேக்கறேன். எடுக்கலன்னு உதவி மையத்துல எழுதி வெச்சிருக்காங்க. நிஜமா எடுக்கலியா?"

மணி பத்தே முக்கால். மாதையனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எடுக்குதும்மா," என்றார். "மொத நாள்லருந்து எடுக்குது. எடுத்துட்டு யாருன்னு கேக்க மாட்டேங்குது. அது மனுஷன் இல்லம்மா. வெளிய சொல்லக் கூடாதுன்னு வாயைக் கட்டிக்கினு இருந்தேன்."

செல்லியம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். காவியா சிரிக்கவில்லை.

"மனுஷன் இல்லதாண்ணா. போன மாசம் அங்க புது சர்வர் வெச்சிட்டாங்க. பழசு, எடுத்தவுடனே யாருன்னு கேக்கும். புதுசு கேக்காது. நாமதான் எடுத்ததும் பேரையும் பாஸ்வேர்டையும் நீட்டணும். நம்ம மெஷின், அது கேக்கட்டும்னு நிக்குது. அது, நாம சொல்லட்டும்னு நிக்குது. ஒரு நிமிஷம் ரெண்டும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துட்டு போனை வெச்சிடுது. உள்ள ரெண்டு வரிய மாத்தணும், அவ்ளோதான்."

"இதை எல்லா ஊருக்கும் சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் செல்லியம்மாள்.

"சுற்றறிக்கை போட்டாங்களேக்கா. லாகின் பண்ணாத்தான் படிக்க முடியும். அறுபத்திமூணு ஊரும் இதே கதிதான்."

இரண்டு வரியை மாற்ற மெஷினின் தலைமைக் கடவுச்சொல் வேண்டும். அது, இயக்குநரின் படத்துக்குக் கீழே ஆணியடித்த தகரப் பெட்டியில், அரக்கு முத்திரை வைத்த உறைக்குள் இருந்தது. உறையின் மேல் எழுதியிருந்தது: 'இயக்ககத்துக்குள் நுழைந்து அனுமதி பெற்ற பின்னரே பிரிக்க வேண்டும். மீறினால் சிறை.'

மாதையன் அந்தக் கடைசிச் சொல்லை இரண்டு தரம் படித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஊரே போவப்போவுது, இவரு அரக்கப் பாத்துக்கினு கீறாரு," என்று செல்லியம்மாள் அரிவாளை எடுத்து வந்து, அதன் பிடியால் முத்திரையில் ஒரு போடு போட்டாள். உள்ளே ஒரு தாள். காவியா சத்தமாகப் படித்தாள்: "பாதுகாப்புக் கருதி, கடவுச்சொல் இங்கு எழுதப்படவில்லை."

மணி பதினொன்று இருபது.

"அடப்பாவிங்களா," என்றாள் செல்லியம்மாள்.

காவியா உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "பழைய லினக்ஸ். முன்வாசல்ல மட்டுந்தான் பூட்டு. எழுந்திருக்கும்போதே பிடிச்சா பின்வாசல் வழியா போய்டலாம்." மெஷினை அணைத்து மறுபடி போட்டாள். திரையில் எழுத்து ஓடத் தொடங்கும் முன்பே என்னவோ தட்டினாள். கடவுச்சொல் கேட்காமலே கதவு திறந்தது. ஃபைலைத் தேடிப் பிடித்து, 'கேட்கும்வரை காத்திரு' என்ற வரியை அழித்தாள். எடுத்ததும் நீட்ட வசதியாக, பேரும் பாஸ்வேர்டும் இன்னொரு ஃபைலுக்குப் போயின. அப்புறம் மெஷின் முறைப்படி எழுந்திருக்க மறுபடி பன்னிரண்டு நிமிஷம். அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் மாதையன் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. செல்லியம்மாள் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினொன்று ஐம்பதுக்கு ஆட்டுக்குட்டி கத்தியது. பச்சை விளக்கு எரிந்தது. அமைதி. மாதையன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணா, உள்ள போய்ட்டோம்! ஒண்ணை அமுக்குங்க!"

ஒன்றுக்குப் பக்கத்திலேயே இரண்டு இருந்தது. வலக்கை விரலை இடக்கையால் பிடித்துக்கொண்டு ஒன்றை அமுக்கினார். 'மேல்சாமைக்கொல்லையின் இருப்பு ஏற்கப்பட்டது' என்று வந்தது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

செல்லியம்மாள் வாசலுக்கு ஓடி, "கீறோம்! எல்லாரும் கீறோம்!" என்று கத்தினாள். ஊர் திரண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களெல்லாம் மாதையனைக் கட்டிக்கொண்டார்கள். காவியாவுக்குக் கையில் அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். அவள் கருப்பட்டிக் காப்பியை மட்டும் குடித்துவிட்டு, அமிர்திக்குத் திரும்ப நேரமாகிறது என்று வண்டியை எடுத்தாள். செல்லியம்மாள் அவளை ஊர் எல்லை வரை கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் மாதையன் மட்டும் இருந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு வயிறு பசித்தது.

பன்னிரண்டரைக்குத் தொலைபேசி மணி அடித்தது.

"யாரது பேசறது?" என்றது குரல். உதவி இயக்குநர் மோகன்.

முப்பது நாளாக வராத கேள்வி. கேட்டால் பேரைச் சொல்ல வேண்டும் என்பதுதான் ஊர்க் கட்டு. மாதையன் வாயைத் திறந்தார்.

"யோவ், அறுபத்திரெண்டு ஊரு உள்ள வரல. நீங்க மட்டும் எப்டிய்யா வந்தீங்க? உள்ள வர முடியாதுன்னு எங்களுக்கே தெரியும். அறுபத்திமூணு ஊரையும் எடுத்தாச்சுன்னு ஃபைல் போட்டுக் காலைலயே கையெழுத்து வாங்கிட்டேன். இப்ப ஒண்ணு நீட்டிக்கினு நிக்குது. அப்ப அரக்கை ஒடச்சிருக்கீங்க. அரசாங்க மெஷின்ல பின்வாசல்ல பூந்திருக்கீங்க. ஜாமீன் கிடையாது, தெரியுமில்ல? யாரது பண்ணது?"

மாதையனின் கண் தகரப் பெட்டிக்குப் போனது. அரக்குத் துண்டு தரையில் கிடந்தது. பக்கத்தில் செல்லியம்மாளின் அரிவாள். அந்தப் பெண் காவியாவின் காப்பி டம்ளர். சிறை என்ற சொல் உறையின் மேல் மாதையனைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் மனுஷனாக இருந்தால் பயமில்லை என்று சொல்லிக்கொடுத்தவர்கள் ஒருத்தரும் இயக்ககத்தைப் பார்த்ததில்லை.

"மூணாவது வாட்டி கேக்கறேன். யாரது அங்க?"

"இங்க யாரும் இல்லீங்க சார்," என்றார் மாதையன்.

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு மோகனின் குரல் வெல்லமாக வந்தது.

"யாருமே இல்லியா?"

"யாருமே இல்லீங்க."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமாங்க சார். சத்தியமா யாரும் இல்லீங்க."

"ரொம்ப நல்லது. அப்ப ரெண்டுன்னு போட்டுக்கறேன்," என்று மோகன் போனை வைத்தார்.

கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் இருபது வருஷமாக ஒப்புக்கொள்ளாத இயக்ககம், அந்த ஒரு வாய்வார்த்தையை அன்றைக்கே ஒப்புக்கொண்டது. ஒரே நாளில் இரண்டு பதிவு வந்தால் பிந்தியதே செல்லும் என்று அதற்கும் ஒரு விதி இருந்தது.

மறுநாள் செல்லியம்மாள் புளிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வேலூர் பஸ்ஸுக்கு வந்து நின்றாள். கூடையை ஏற்றிவிட மாதையனும் வந்திருந்தார். வளைவில் பஸ் திரும்பியது. அவள் கையை நீட்டினாள். பழக்கதோஷத்தில் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். கண்டக்டர் படிக்கட்டில் நின்றபடி அவள் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த புது ஊர்ப் பட்டியலைப் பார்த்தார். தினம் அவளிடம் வெற்றிலை வாங்கிப் போடுகிறவர்தான். விசிலை எடுத்து வாயில் வைத்தார். ஒரு விசில் அடித்தால் நிற்கும். அவர் இரண்டு அடித்தார்.

பஸ் போன புழுதி அடங்கும் வரை செல்லியம்மாள் நீட்டிய கையை இறக்கவில்லை. அப்புறம் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"நேத்து நான் எல்லைக்குப் போய்ட்டு வர்றப்ப போன் பேசிக்கினு இருந்தியே. யாருய்யா அது? இன்னா சொன்ன?"

மாதையனுக்கு வயிற்றைக் கலக்கியது. மணி அப்போது ஏழரைதான்.